தோரணம் நாட்டிய காலமும் கட்டிய காலமும்

கலியாண வீட்டு வாசலிலும் திருவிழா வீதியிலும் மாவிலையையும் தென்னங்குருத்தையும் சரமாகக் கோத்து நாம் கட்டுகிற மங்கல அலங்காரத்துக்குத் தோரணம் என்று பெயர் என்பதைத் தமிழ்நாட்டில் சிறு குழந்தையும் அறியும். ஆனால் இந்த ஒரு பொருளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் படிக்கப் புகுகிறவர், கரிகாற் சோழன் வடதிசை சென்று மீண்ட செய்தி வரும் இடத்தில் சற்றே திகைத்து நிற்க நேரும். இமயம் வரையில் சென்று திரும்பிய அவ்வேந்தனுக்கு வச்சிர நாட்டரசன் முத்துப் பந்தரைத் திறையாக இறுத்தான் என்றும், மகத நாட்டரசன் பட்டிமண்டபத்தைக் கொடுத்தான் என்றும், அவந்தி நாட்டரசன் மனமுவந்து ஒரு தோரண வாயிலை அளித்தான் என்றும் இளங்கோவடிகள் கூறுகிறார். இம்மூன்றும் பொன்னாலும் மணியாலும் புனையப்பட்டவை, அவ்வரசர்களின் முன்னோர்க்கு மயன் சமைத்துக் கொடுத்தவை, கைதேர்ந்த கம்மியரும் கண்டறியாத வேலைப்பாடுடையவை என்று அவற்றின் பெருமையும் அங்கே விரிக்கப்படுகிறது. மாலைக்குள் வாடிப்போகும் இலைச்சரத்தை ஓர் அரசன் மற்றோர் அரசனுக்குப் பரிசாக அளிப்பதில்லை. விந்தியத்தைக் கடந்து காவிரிப்பூம்பட்டினம் வரையில் அதைச் சுமந்து வருவதும் இல்லை. அடிகள் கண்ட தோரணம் கால் ஊன்றி நின்ற ஒன்று.

காவியம் கூறுவதை அப்படியே சரித்திரமாகக் கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும் தோரண வாயிலைக் கொடுத்த பெருமையை மகதனுக்கோ வச்சிரனுக்கோ தராமல் அவந்தியானுக்குத் தந்தது வெறும் எதுகை நோக்கத்தால் நேர்ந்தது என்று என்னால் எண்ண முடியவில்லை. அவந்தி என்பது உஜ்ஜயினியைத் தலைநகராகக் கொண்ட மாளவ தேசம். அதே மாளவத்தின் கிழக்குப் பாகத்திலே, பழைய விதிசை நகரத்துக்கு அருகில் உள்ள ஒரு சிறு குன்றின்மேல்தான், பாரத தேசத்தில் இன்றும் நிலைத்து நிற்கும் தோரண வாயில்கள் எல்லாவற்றிலும் தலைசிறந்தவையாகிய சாஞ்சி வாயில்கள் நிற்கின்றன. மணிமேகலையிலும் சோழ மன்னனுடைய சோலையில் மண்டபம் அமைத்தவர்களாக மகத வினைஞரோடும் மராட்டக் கம்மரோடும் யவனத் தச்சரோடும் அவந்திக் கொல்லர்களையும் சாத்தனார் சேர்த்துச் சொல்லுகிறார். மாளவத்துச் சிற்பியரின் கீர்த்தி காவிரிக் கரை வரையில் பரவியிருந்தது என்று கொள்ளுவதற்கு இந்த இரண்டு காவியங்களின் வாக்கு எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

சாஞ்சியின் பெரிய ஸ்தூபத்தைச் சுற்றி நான்கு திசைகளிலும் நான்கு வாயில்கள் உண்டு. கி.மு. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆராய்ச்சியாளர் அவற்றின் காலத்தை வரையறுத்திருக்கிறார்கள். சதுரமான இரண்டு தூண்கள். அவற்றின் தலையில் யானைகளோ சிங்கங்களோ குறள் பூதங்களோ தாங்கி நிற்க, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குறுக்கு உத்தரங்கள். அந்த உத்தரங்களின் இரு நுனியும் சுருட்டி வைத்த ஓலையைப்போலச் சுருண்டிருக்கும். கல்லிலே உத்தரத்தைச் சுருட்ட வேண்டிய தேவை சிற்பிக்கு ஏன் வந்தது? கல்லின் இயல்பு அதைக் கேட்கவில்லை; கட்டடத்தின் பலத்துக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தாம் தலைமுறை தலைமுறையாக மரத்திலும் மூங்கிலிலும் செய்து பழகிய ஒரு வடிவத்தை, தானம் செய்தவர்களின் விருப்பத்தால் கல்லில் நிலைநாட்டப் புகுந்தபோது, பழைய வடிவத்தின் ஓர் அம்சத்தையும் விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை என்பதே அதற்குச் சமாதானம். தெற்கு வாயிலின் உத்தரம் ஒன்றில், சாதகர்ணி அரசனுடைய கம்மியர்களின் தலைவனாகிய, வாசிட்டியின் மகன் ஆனந்தன் அளித்த தானம் இது என்ற வாசகம் வெட்டப்பட்டிருக்கிறது. அதே வாயிலின் தூண் ஒன்றில் சிற்பவேலை செய்தவர்கள் விதிசையைச் சேர்ந்த தந்த வேலைக்காரர்கள் என்று மற்றொரு வாசகம் கூறுகிறது. யானைத் தந்தத்தில் நகக்கண் அளவான உருவங்களைச் செதுக்கிப் பழகிய கைகள் ஆள் உயரத்துக்கும் மேலான கல்லின்மீது வேலை செய்திருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அங்கே ஊர்வலங்களும் மரங்களும் மாந்தரும் அவ்வளவு நெருக்கமாகச் செறிந்திருப்பதன் காரணம் விளங்கும்.

சாஞ்சியைக் காட்டிலும் முந்தியது பார்ஹுத். 1873-இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் அங்கே கண்டெடுத்த வாயிலும் வேலியும் இப்பொழுது கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. சுங்கர்களின் ஆட்சிக் காலத்தில் தனபூதி என்னும் அரசன் இந்தத் தோரணத்தைச் செய்வித்தான், கல்வேலையும் எழுந்தது என்று அந்த வாயில் தூணிலேயே பிராகிருதத்தில் பொறித்திருக்கிறார்கள். தோரணம் என்ற சொல் தோரணத்தின்மீதே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. இதைப் பார்த்த பிறகு அந்தக் காலத்து வழக்கில் தோரணம் எதைக் குறித்தது என்பதில் சந்தேகத்துக்கே இடம் இல்லை.

இதிகாசமும் இதற்கே சாட்சி சொல்லுகிறது. அசோக வனத்தை அழித்த அனுமன், அரக்கர் படையை எதிர்பார்த்து, தேஜஸ்ஸினால் ஜ்வலிப்பவனாய்த் தோரணத்தைச் சார்ந்து நின்றான் என்று வால்மீகி சுந்தர காண்டத்தில் பாடுகிறார். கிங்கரர்கள் வந்து சூழ்ந்தபோது அவன் கைக்கு அகப்பட்ட ஆயுதம் அந்தத் தோரணத்தில் இருந்த இரும்புப் பரிகம், அதாவது கணையமரத்தைப்போன்ற ஒரு பெரிய தாழ். கணையத்தைத் தாங்கும் தோரணம் கோட்டை வாயிலே அன்றி வேறாக இருக்க முடியாது. திருப்பாவையில் ஆண்டாள் நந்தகோபனுடைய மாளிகைக் காவலனை விளிக்கும்போதும் தோரண வாயிலைக் காப்பவன் என்றே விளிக்கிறாள்.

ஆண்டாளைப் பற்றிச் சொல்ல வந்தபோது, நாச்சியார் திருமொழியில் அவள் கண்ட கலியாணக் கனவை விட்டுவிட்டுச் செல்ல இயலாது. பொற்குடம் வைத்து, ஊரின் புறமெங்கும் தோரணம் வைப்பதாக அவள் கனவு காண்கிறாள் அல்லவா? அந்த இடத்தில் அவள் பயன்படுத்தும் வினை "கட்டுதல்" அன்று, "நாட்டுதல்". நாட்டுவது என்றால் குழி தோண்டி ஊன்றுவது. கொடிமரம் நாட்டுவார்கள், முகூர்த்தக்கால் நாட்டுவார்கள். வைஷ்ணவக் குடும்பங்களில் இந்தக் கனவைப் பாடும் வாரணமாயிரம் ஓதாத கலியாணம் இல்லை; ஓதக் கேட்டுத் தலையசைக்கும் நாமோ அந்தக் கனவில் பந்தல் முகப்பில் தொங்கும் மாவிலைச் சரத்தையே காண்கிறோம். ஆண்டாள் கண்டதோ வீதிதோறும் இரண்டிரண்டாக ஊன்றிய கால்களையும், அவற்றின்மேல் குறுக்கே வைத்த அலங்காரத்தையும். சிலப்பதிகாரமும் புகார் நகரத்து மாளிகை முகப்புகளில் மகரவாய் முத்துச்சரம் தொங்கும் தோரணங்கள் நிலைத்து நின்றன என்றே சொல்லுகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் வள்ளுவன் யானையின்மேல் முரசு ஏற்றி வந்து இந்திர விழாவுக்கு ஊரை அலங்கரிக்கச் சொல்லும்போது, தோரண வீதிகளையும் பூரண கும்பங்களையும் பாலிகைகளையும் பாவை விளக்குகளையும் பரப்புங்கள் என்று அறிவித்துவிட்டு, அதே மூச்சில், குலை தள்ளிய கமுகையும் வாழையையும் வஞ்சியையும் கரும்பையும் நடுங்கள் என்கிறான். வாசலின் இருபுறமும் குலைவாழை கட்டுவது தனி ஓர் அலங்காரம், இடையே தோரணம் தொங்கவிடுவது தனி ஓர் அலங்காரம் என்று இன்று நாம் பிரித்து நினைக்கிறோம். அந்த இரண்டு வாழை மரங்களும் தோரணத்தின் கால்கள் என்பதே என் துணிபு. கல்லிலும் மரத்திலும் தூண் ஊன்ற வசதியில்லாத எளிய குடும்பங்கள் உயிருள்ள மரங்களையே தூணாக ஊன்றி, அதன்மேல் இலைச்சரத்தை உத்தரமாக வைத்து, அவந்தி வேந்தனுடைய பரிசைத் தம் வாசலில் ஒரு நாளைக்கேனும் நிறுத்திப் பார்த்தார்கள்.

அப்படியானால், வாயில் என்ற பொருள் முந்தியது, சரம் என்ற பொருள் பிற்காலத்தில் அதிலிருந்து தேய்ந்து வந்தது என்று முடிவு செய்துவிடலாமா? பலர் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. வடமொழியில் வாயிலின் குறுக்கே தொங்கவிடும் தழைமாலைக்கு வந்தனமாலிகை என்று தனிப்பெயர் இருந்தது. இந்தி வழங்கும் நாடுகளில் வந்தன்வார் என்று அது இன்றும் வாழ்கிறது. இருந்தும் காளிதாஸன் ரகுவம்சத்தின் முதல் ஸர்க்கத்தில், திலீபனும் சுதக்ஷிணையும் வசிஷ்டருடைய ஆச்ரமத்தை நோக்கித் தேரேறிச் செல்லும்போது வானத்தில் வரிசையாகப் பறந்த ஸாரஸப் பறவைகளைத் தூண் இல்லாத தோரணமாலை என்று வருணிக்கிறான். தூண் இல்லாதது என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததனால் தூண் உடையதே தோரணம் என்பது அவன் காலத்தார் கருத்து என்று தெரிகிறது. தோரணத்தோடு மாலை என்ற சொல்லைக் கூட்டியதனால், தூண்களுக்கு இடையே தொங்கும் சரமும் அவர்களுடைய கண்ணுக்குத் தோரணத்தின் அங்கமாகவே பட்டது என்பதும் தெரிகிறது. மேகதூதத்தில் அதே கவி யக்ஷனுடைய மாளிகைத் தோரணத்தை இந்திர தனுசுக்கு ஒப்பிடுகிறான். அங்கே வளைந்த வடிவமும் பல நிறமும் சேர்ந்து நிற்கின்றன.

சிற்ப சாஸ்திரங்களைப் பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கிறது. தோரணங்களை வகுக்கும்போது அந்நூல்கள் பத்ர தோரணம் என்றும் மகர தோரணம் என்றும் சித்ர தோரணம் என்றும் பெயரிடுகின்றன. புஷ்ப தோரணம், ரத்ன தோரணம் என்ற பெயர்களும் உண்டு. பத்ரம் என்பது இலை. கல்லில் அமைக்கும் தோரணத்துக்கு இலக்கணம் எழுத வந்தவன் இலையையும் பூவையும் ஏன் அதன் வகைகளாக வைத்தான்? கல்லுக்கு முந்தி மரம் இருந்தது, மரத்துக்கு முந்தி இரண்டு மூங்கிற் கழிகளும் ஒரு கொடியும் சில தழைகளும் இருந்தன, ஆதித் தோரணம் அதுதான் என்றே நான் நினைக்கிறேன். மேய்ச்சல் முடிந்து மாடு திரும்பும் ஊர்வாயிலில் எவனோ ஒருவன் இரண்டு கழிகளை ஊன்றித் தழையைக் கட்டியிருப்பான். அதன் கால்களையும் குறுக்குச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு சிற்பி சாஞ்சியைச் செய்தான். தழையை எடுத்துக்கொண்டு குடும்பத்தார் வாசலை அலங்கரித்தார்கள். ஆகவே நமது மாவிலைச் சரம் பெரிய ஒன்றின் தேய்ந்த மிச்சம் அன்று. அது அந்தப் பழம்பொருளின் ஒரு பாதி. மற்றப் பாதிக்குச் சமமான உரிமை அதற்கும் உண்டு.

நமது தேசத்துக் கோயில்களில் இந்தச் சொல் மற்றொரு வடிவத்தைக் குறிப்பதாகவும் வளர்ந்தது. மகேந்திரவர்மப் பல்லவன் தளவானூரில் குடைவித்த குகைக் கோயிலின் முகப்பில், தூண்களுக்கு மேலே மகர மீன்களின் வாயிலிருந்து புறப்பட்டு வளையும் ஓர் அழகிய தோரணத்தைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். பின்னர்ச் சோழர் கோயில்களில், தக்ஷிணாமூர்த்தியோ லிங்கோத்பவரோ எழுந்தருளியிருக்கும் தேவகோஷ்டம் ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் மகர தோரணம் இடம் பெற்றது. உள்ளே நுழைவதற்கான வாயிலாக அது இல்லாமற் போயிற்று. தெய்வத்தின் திருமேனிக்கு எல்லை வகுக்கும் வளைவாயிற்று. இரு மகரங்களின் வாலும் இலைக்கொடியாக மாறித் தரையை நோக்கி வழிவதைக் கூர்ந்து பார்க்கிறவர்கள், தழை கல்லை விட்டு ஒருநாளும் அகலவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

உற்சவ மூர்த்தியின் பின்னே நிற்கும் வெண்கல வளைவைத் திருவாசி என்கிறோம். இதன் பழைய உருவம் திருவாசிகை. வாசிகை என்பதற்குச் செறியக் கோத்துச் சூடும் மாலை என்று நிகண்டுகளிலும் அகராதிகளிலும் பொருள் காணலாம். சிலப்பதிகாரத்தில் மாளிகை முகப்பைச் சொல்லுமிடத்தில் இந்த வாசிகையும் தோரணமும் அடுத்தடுத்தே வருகின்றன. அந்த ஓர் இடத்தில் சேர்ந்து நின்ற இரு சொற்களும் பிறகு ஒன்றன் வழியில் மற்றொன்று நடந்தன: மாலையாக இருந்த வாசிகை உலோகத்தில் வார்த்த வளைவாகக் கெட்டிப்பட்டது, வளைவாக இருந்த தோரணம் இலைகளின் மாலையாக நெகிழ்ந்தது. எத்தனையோ சொற்களின் சரித்திரத்தைத் தேடிப் படித்திருக்கிறேன். இவ்வளவு அழகான பரிவர்த்தனையை வேறெங்கும் கண்டதில்லை.

வெளிநாடுகளிலும் பிற மொழிகளிலும் தோரணம் எடுத்த கோலங்கள் பல. ஓரங்கல் கோட்டைக்குள் காகதீய மன்னர்கள் சிவாலயத்தைச் சுற்றி நிறுத்திய நான்கு கீர்த்தி தோரணங்கள், கோயில் இடிந்து போன பின்னரும் தனியே நிற்கின்றன. கூர்ஜரத்தில் வட்நகரில் சோலங்கியர் காலத்துக் கீர்த்தி தோரணங்கள் இரண்டு உண்டு. இவை கதவில்லாத வாயில்கள். புகழை நாட்டுவதே இவற்றின் காரியம். நேபாளத்தில் கோயில் கதவுக்கு மேலே பதித்திருக்கும் அரைவட்டப் பலகைக்குத் தோரணம் என்று பெயர். இராஜஸ்தானத்தில் கிளிகள் வைத்துச் செய்த மரத் தோரணத்தைப் பெண் வீட்டு வாசலில் மாட்டியிருப்பார்கள். குதிரையேறி வரும் மணமகன் அதை வாளாலோ ஒரு கிளையாலோ தொட்ட பிறகே உள்ளே புகலாம். கூர்ஜரத்துப் பெண்கள் துணியில் பூவேலை செய்து வாசலில் மாட்டும் தோரணத்தின் அடியில் வரிசையாகத் தொங்கும் கூரிய நாக்குகள், மாவிலையின் வடிவத்தைத் துணியிலும் விடாமல் காப்பாற்றி வருகின்றன. மராட்டியில் தோரணம் கட்டுவது என்பது நற்காரியத்தைத் தொடங்குவதற்கே ஒரு மொழி. இளம் சிவாஜி தோரணா என்னும் மலைக்கோட்டையைக் கைப்பற்றி ஸ்வராஜ்யத்துக்குத் தோரணம் கட்டினார் என்று அந்நாட்டார் சிலேடையாகச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். இலங்கையில் வெசாக் திருநாளன்று புத்தருடைய ஜாதகக் கதைகளைச் சித்திரித்து, ஆயிரக்கணக்கான விளக்குகளால் ஒளியூட்டி, வீதியோரங்களில் உயர்த்தும் மாபெரும் முகப்புகளைச் சிங்களவர் தோரண என்றே அழைக்கிறார்கள். அங்கே அந்தச் சொல் சாஞ்சியைத்தான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

அதே இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தமிழர்களிடமோ அது இலையின் பக்கம் சாய்ந்து, மிகவும் நுட்பமான ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. தென்னங்குருத்தைக் கிழித்து, மடித்து, முடிந்து செய்கிற அந்தத் தோரணத்தில் குருவி என்று ஓர் உறுப்பு உண்டு. மங்கல காரியத்துக்குக் கட்டும் தோரணத்துக்கு இத்தனை குருவி, இழவு வீட்டுக்குக் கட்டும் தோரணத்துக்கு இத்தனை குருவி என்று கணக்கு உண்டு. பார்த்த மாத்திரத்தில் அந்த வீட்டில் நிகழ்வது இன்னதென்று வழிப்போக்கனும் அறிந்துகொள்ளுவான். நம்முடைய பக்கத்திலும் தோரணம் செய்தி சொல்லாமல் இல்லை. மாவிலை கண்டால் விசேஷம். வேப்பிலை கண்டால் அம்மன் காரியம். வைசூரி கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவைத்த காலத்தில் அயலார் அதைக் கண்டு விலகி நடந்தார்கள். வாயில் என்றால் வருகிறவனை அழைப்பதும் தடுப்பதும் ஆகிய இரு தொழிலும் உண்டல்லவா? கதவும் கணையமும் போன பின்னரும் அந்த இரு தொழிலையும் இலையே செய்து வந்தது.

குருத்தோலை முடையக் கற்றவர்கள் இன்று அருகி வருகிறார்கள். முன்பெல்லாம் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்; திருவிழாவுக்கு முந்தின இரவு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, கிளியும் பூவும் சங்கிலியுமாக ஓலையை மடித்துக் குவிப்பார்கள். கூலி பெற்றுச் செய்ததாக அது பெரும்பாலும் இருக்கவில்லை. ஆகையால் யாரும் அதைத் தொழில் என்று கணக்கிடவும் இல்லை, எழுதி வைக்கவும் இல்லை. பிறகு வண்ணக் காகிதம் வந்தது. அரசியல் கூட்டங்களுக்குக் கொடித் தோரணம் வந்தது. கடைசியில் வாடாத பிளாஸ்டிக் மாவிலையும் வந்து, வருஷம் முழுதும் நிலைக்கதவில் தூசி படிந்து தொங்குகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. வாடுவதும், அடுத்த விசேஷத்துக்குப் புதிதாகப் பறித்துக் கட்டுவதுமே இலைத் தோரணத்தின் உயிர். வாடாததைக் கட்டிவிட்டால் இன்று விசேஷம் என்று அது யாருக்குச் சொல்லும்? வாயிலைக் குறிக்கும் உரிமையையும் அச்சொல் ஏறக்குறைய இழந்துவிட்டது. தலைவர்களை வரவேற்க வீதியில் எழுப்பும் தோரண வாயில்களை அலங்கார வளைவு என்றும் நுழைவு வாயில் என்றும் இப்பொழுது எழுதுகிறார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பழைய பொருள் சிறிதும் சிதையாமல் நிற்கிறது. கும்பாபிஷேகத்துக்காக யாகசாலை அமைக்கும்போது, அதன் நான்கு வாயில்களுக்கும் எதிரே நான்கு மரத் தோரணங்களை ஊன்றுவது ஆகம விதி. ஆல், அத்தி, அரசு, இத்தி ஆகிய நான்கு பால் மரங்களால் அவை ஆக வேண்டும். சாந்தி, பூதி, பலம், ஆரோக்கியம் என்று அவற்றுக்குப் பெயரும் உண்டு. சிவாசாரியார்கள் யாகசாலைக்குள் புகுமுன் இந்தத் தோரணங்களுக்கு முதலில் பூஜை செய்கிறார்கள். அதன் பிறகே துவாரபாலகர்களுக்குப் பூஜை, அதன் பிறகே கும்பங்களுக்கு. கூட்டத்தில் நிற்கும் நம்முடைய கண்கள் மேலே கட்டிய மாவிலையிலும் குருத்தோலையிலும் தங்கிவிடுகின்றன. ஆசாரியர் அருக்கியம் விடுவதோ கீழே ஊன்றிய அந்த மரக்கால்களுக்கு. அடுத்த முறை யாகசாலைக்குப் போகிறவர்கள் கிழக்கு வாயிலுக்கு எதிரே சற்று விலகி நின்று, அந்தக் கால்களையும் குறுக்குச் சட்டத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.